இரும்புச் சட்டி வாங்குவதிலிருந்து இரும்பு உடம்பில் ஏறும் வரை

உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் என் மனைவி ஒரு கை பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்வாள். டிவி பார்க்கும்போதும் மடியில் ஒரு கிண்ணம் இருக்கும். "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை வரும்பாங்க, உனக்குத்தான் அது முடிஞ்சு போச்சே அம்மிணி" என்று நான் கிண்டல் செய்வேன். ரெண்டு வருஷம் அப்படியே போனது. மாடிக்குத் துணி காயப்போடப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 8.2. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "பச்சரிசி, சாம்பல், ஐஸ்கட்டி, இந்த மாதிரி ஏதாச்சும் திங்கணும்னு தோணுதாம்மா?" இரும்புச் சத்து குறைந்தால் அப்படித் தோன்றுமாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் 31 வருஷம் வேலை பார்த்தவன். பம்பு கேசிங், கிரைண்டர் பாகம், மோட்டார் பாடி எல்லாம் வார்த்திருக்கிறேன். "இரும்பு வார்க்கற மனுசன் ஊட்டுல இரும்புக்குப் பஞ்சமா மாப்ளே?" என்று மச்சான் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்குத் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டு, படித்து, சமைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சட்டி பற்றி நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். மாத்திரை பற்றிச் சொல்வதை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை கடைக்குப் போய் சட்டி வாங்குவது இல்லை. ரத்தம் எங்கே போகிறது என்று பார்ப்பது. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்கு 11 என்ற அளவுக்குக் கீழே போனால் ரத்தசோகை. எங்கள் வீட்டில் காரணம் கர்ப்பப்பைக் கட்டி. மாதாமாதம் போக வேண்டியதைவிட அதிகமாகப் போயிருக்கிறது. அவளும் "வயசாகுதில்ல, அப்படித்தான்" என்று சொல்லாமல் இருந்துவிட்டாள். சிலருக்கு வயிற்றுப் புழு, சிலருக்கு மூலம், சிலருக்குக் குடல் புண். ஐம்பது தாண்டிய ஆணுக்குக் காரணம் தெரியாமல் ரத்தம் குறைந்தால் கண்டிப்பாகக் குடலைப் பரிசோதிக்க வேண்டும். ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்து என்ன பயன்? 8-க்குப் போனவர்களைச் சட்டியும் கீரையும் தூக்கி நிறுத்தாது, மாத்திரைதான் வேண்டும். சட்டியும் சாப்பாடும் மறுபடி இறங்காமல் பார்த்துக்கொள்ள.

உடம்பில் மொத்தமே மூன்று நான்கு கிராம் இரும்புதான் இருக்கிறது. ரெண்டு அங்குல ஆணி ஒன்றின் எடை. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாளைக்குக் கேசிங்கில் பிசிறு தட்டும்போது செருப்பில் ஒட்டிக்கொண்டு வருவது அதைவிட அதிகம் இருக்கும். அந்த ஆணியில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். செத்த அணுவை உடம்பு வீணாக்குவதில்லை, பிரித்து இரும்பை எடுத்துப் புது அணுவுக்குப் போடுகிறது. நாங்கள் உடைந்த வார்ப்பை மறுபடி குபோலா உலையில் போட்டு உருக்குவது போலத்தான். அதனால் தினசரி வெளியே இருந்து ஒன்றிரண்டு மில்லிகிராம் உள்ளே ஏறினால் போதும். ஆனால் பெண்கள் ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் சாப்பிட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் சொன்னது, ஆண்களுக்கு 19. ஏறுவதற்கும் சாப்பிடுவதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், நம் சாப்பாட்டில் இருக்கும் இரும்பில் பத்தில் ஒரு பங்குகூடக் குடலைத் தாண்டி உள்ளே போவதில்லை. சாப்பிடுவது ஒரு கதை, ஏறுவது இன்னொரு கதை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இப்போது சட்டிக்கு வருவோம்.

கடையில் ரெண்டு வகை இருக்கும். ஒன்று தகட்டை அடித்தோ அழுத்தியோ செய்த சட்டி. லேசாக இருக்கும், கீழே போட்டால் நசுங்கும், உடையாது. இன்னொன்று வார்ப்பு இரும்பு. கனமாக இருக்கும், கீழே போட்டால் ரெண்டாகப் போகும். வார்ப்பில் நூற்றுக்கு மூன்றரை பங்கு கரி கலந்திருக்கிறது. உடைந்த வார்ப்பின் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், பென்சில் தேய்த்தது போலக் கருப்பாக ஒட்டும். அந்தக் கரி இதழ் இதழாக உள்ளே கிடப்பதால்தான் உடைகிறது. சமையலுக்கு ரெண்டும் இரும்பை விடும். தோசைக்கும் குழம்புக்கும் வார்ப்பு நல்லது, வாங்கின சூடு நின்று நிதானமாக இறங்கும். கை வலிக்கிற வயதானவர்களுக்குத் தகட்டுச் சட்டி போதும். வீம்புக்கு அஞ்சு கிலோ சட்டி வாங்கிப் பரணில் போடாதீர்கள்.

வாங்கும்போது நான் செய்வது இது. சட்டியை ஒரு கையில் காதைப் பிடித்துத் தொங்கவிட்டு, மறு கை விரல் முட்டியால் தட்டுவேன். கோயில் மணி அளவுக்கு இல்லாவிட்டாலும் 'ணங்' என்று நீளமாகக் கேட்க வேண்டும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் காதுக்குத் தெரியும், பவுண்டரியில் இப்படித்தான் பாதிச் சோதனை முடியும். அப்புறம் உள்பக்கம் முழுக்கக் கட்டை விரலை ஓட்டுவேன். குண்டூசித் தலை அளவு குழிகள் இருந்தால் உருக்கை ஊற்றும்போது காற்று மாட்டியிருக்கிறது. அந்தக் குழியில் மசாலா தங்கும், துரு அங்கேதான் தொடங்கும். விளிம்பில் ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் இருந்தால் அச்சு நகர்ந்துவிட்டது, வேண்டாம்.

இரும்புச் சத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் உள்ளே எனாமல் பூசியது, நான்ஸ்டிக் பூசியது ஆகாது. பூச்சைத் தாண்டி ஒன்றும் வராது. எண்ணெய் தடவிச் சுட்டு, 'பழக்கியது' என்று விற்பது சரி. ஆனால் துரு பிடிக்காமல் இருக்கக் கறுப்பு பெயிண்ட் அடித்து விற்பவர்களும் உண்டு. எண்ணெய் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். லேசாகக் கறுத்தால் பரவாயில்லை, பளபளப்பாக உரிந்து வந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். பட்டறையில் யாராவது "உங்களுக்குன்னு ஒண்ணு ஊத்தித் தர்றேன்" என்றாலும் வாங்க வேண்டாம். உலையில் என்னென்ன பழைய சாமான் விழுந்தது என்று ஊற்றினவனுக்கே தெரியாது. நானே ஊற்றியவன், நான் சொல்கிறேன்.

"எவர்சில்வரும் இரும்புதானே, அது விடாதா?" என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. எவர்சில்வரில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைய இரும்புதான். ஆனால் அதில் கலந்திருக்கும் குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போட்டு மூடிவிடுகிறது. அதனால்தான் துரு பிடிப்பதில்லை, அதனால்தான் இரும்பும் வருவதில்லை. துருப்பிடிக்கக்கூடிய சட்டிதான் சோற்றுக்கு இரும்பு கொடுக்கும்.

பழக்குவதற்கு எங்கள் அம்மா காலத்து முறையே நன்றாக இருக்கிறது. புதுச் சட்டியைச் சபீனா போட்டு ஒருமுறை அழுத்தித் தேய்த்து, வடிகஞ்சி ஊற்றி இரவு முழுக்க வைக்க வேண்டும். மறுநாள் கஞ்சி சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்து, புதுக் கஞ்சி. ரெண்டு மூன்று நாள் இப்படி. புளித்த கஞ்சியின் லேசான புளிப்பு மேல்துருவையும் பட்டறை அழுக்கையும் இளக்கிவிடும். பிறகு கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் சுத்தமாகப் போகக் காய வைத்து, கை பொறுக்கும் சூட்டில் எண்ணெய் தடவ வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். நானும் செய்தேன். ஆசையாக ரெண்டு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் காய்ச்சினேன், ஆறினதும் சட்டி முழுக்கக் கோந்து மாதிரி பிசுபிசுப்பு. அப்புறம்தான் உறைத்தது. பவுண்டரியில் கோர் (வார்ப்புக்குள் குழி விடுவதற்கான மணல் அச்சு) செய்யும் இடத்தில் மணலில் ஆளிவிதை எண்ணெய் கலந்து அடுப்பில் சுடுவார்கள். எண்ணெய் சூட்டில் இறுகி மணலைக் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். எண்ணெய் அதிகமாகப் போட்டால் உள்ளே வேகாமல் பிசுபிசுவென்று நிற்கும், மேஸ்திரி திட்டுவார். சட்டியிலும் நடப்பது அதேதான். கால் ஸ்பூன் எண்ணெய் போதும். உள்ளே வெளியே எல்லாம் தடவி, பிறகு 'தப்பாகத் தடவிவிட்டோம், எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்' என்பது போல வேறொரு காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் மிஞ்ச வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, புகை வந்து அடங்கும் வரை சுட்டு, ஆற விடுங்கள். இப்படி நாலு தடவை. கடைசியில் வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, எண்ணெயில் தொட்டுச் சூட்டோடு தேய்த்து எடுத்தால் தோசை ஒட்டாமல் வரும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. நன்றாகப் பழகிய கல்லில் எண்ணெய்த் தோல் இரும்பை மூடியிருக்கும். தோசை வழுக்கிக்கொண்டு வரும், இரும்பு அவ்வளவாக வராது. தோசைக்கல்லை வைத்துக்கொண்டு "எங்க வீட்ல இரும்புலதான் சமையல்" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இரும்பை வெளியே இழுப்பது மூன்று: புளிப்பு, ஈரம், நேரம். அதனால் எங்கள் வீட்டில் ரெண்டு. தோசைக்கல்லைப் பழக்கிப் பழக்கிக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறோம். குழம்புச் சட்டியை ஒட்டாத அளவுக்கு மட்டும் பழக்கி, அதில் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, வத்தக்குழம்பு எல்லாம் கொதிக்க விடுகிறோம். புளி மேல்தோலைத் தின்றால் தின்னட்டும், மாதம் ஒரு தடவை மறுபடி எண்ணெய் பூசிக்கொள்ளலாம்.

எவ்வளவு வரும்? அமெரிக்காவில் 1986-இல் ஒரு ஆய்வில் தக்காளி சாஸை இரும்புச் சட்டியில் சமைத்துப் பார்த்தார்கள். 100 கிராமில் 0.61 மில்லிகிராமாக இருந்தது 5.77 ஆனது. எத்தியோப்பியாவில் சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளில் சிலருக்கு இரும்புப் பானையும் சிலருக்கு அலுமினியப் பானையும் கொடுத்து ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததில், இரும்புப் பானை வீட்டுக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் 1.3 கூடுதலாக ஏறியிருந்தது. 1999-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஆனால் கம்போடியாவில் பானைக்குள் போட்டுக் கொதிக்க வைக்க மீன் வடிவத்தில் இரும்புக் கட்டி கொடுத்தார்கள், பின்னால் பெரிய அளவில் சோதித்தபோது பலன் தெரியவில்லை. அங்கே நிறையப் பேருக்கு ரத்தக் குறைவு பிறவியிலேயே ஹீமோகுளோபின் அமைப்பில் உள்ள கோளாறால் வந்தது. அதற்கு இரும்பு என்ன செய்யும்? காரணத்தை முதலில் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் செய்த இன்னொரு கோளாறு: குழம்பு ருசியாக வந்த சந்தோஷத்தில் சட்டியிலேயே ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் தார் மாதிரி கறுத்து, வாயில் வைத்தால் ஆணியை நக்கியது போல ஒரு சுவை. "ஏனுங்க, இதைத் தின்னா ரத்தம் ஊறுமா, இல்ல நீங்க மறுபடி பவுண்டரிக்கே போறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். சமைத்து இறக்கியதும் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கத்தரிக்காய், வாழைக்காய், வாழைப்பூ இரும்பில் கறுத்துப்போகும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் சகிக்காது.

ஏன் கறுக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு நாள் மிச்சமான டீ டிக்காஷனைச் சட்டியில் ஊற்றிச் சுட வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பேனா மை மாதிரி கருநீலமாகிவிடும். டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியது இப்படித்தான். பெண்கள் மருதாணியை இரும்புச் சட்டியில் ஊற வைப்பதும் அந்தக் கறுப்புக்காகத்தான். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இதே மை வயிற்றுக்குள் காய்ச்சப்படுகிறது. பிடிபட்ட இரும்பு உடம்பில் ஏறாது, மறுநாள் காலையில் வெளியே போய்விடும். கீரை, பருப்பு, தானியத்தில் இருக்கும் இரும்பில் பாதிக்கு மேல் இப்படிப் போகும். என் மனைவிக்குக் காலையில் இட்லியோடு ஒரு டீ, மத்தியானச் சோற்றுக்குப் பின்னால் ஒரு டீ. 25 வருஷப் பழக்கம். அந்தச் சட்டியைக் காட்டின பிறகுதான் நேரத்தை மாற்றினாள். டாக்டரம்மா சொன்னபோதுகூட மாற்றவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காபியும் அப்படித்தான்.

டீ தடுப்பதை எலுமிச்சை திறந்துவிடும். வைட்டமின் சி இருந்தால் அதே கீரையிலிருந்து அதிகம் ஏறும். சூட்டில் அது கெட்டுவிடும் என்பதால் கொதிக்கும்போது பிழியாமல், இறக்கி வைத்துப் பிழிய வேண்டும். சாப்பிட்டதும் அரைக் கொய்யா தின்றாலும் சரி. அதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது.

எதைச் சாப்பிடுவது என்பதில் நிறம் நம்மை ஏமாற்றுகிறது. பீட்ரூட், மாதுளை சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று வாங்கிக் கொடுப்பார்கள். ரெண்டிலும் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம்கூட இல்லை. முருங்கைக்கீரையில் நாலரை, கேழ்வரகில் நாலரைக்கு மேல், கம்பில் ஆறுக்கு மேல் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை சொல்கிறது. கம்பு, கேழ்வரகில் இரும்பைப் பிடித்து வைக்கும் ஒரு அமிலமும் இருக்கிறது. முளைகட்டினாலோ புளிக்க வைத்தாலோ அது குறையும். எங்கள் ஆத்தா கம்பங்கூழை முந்தின ராத்திரியே கரைத்து வைத்ததற்கு நான் இப்போதுதான் கணக்குப் பார்க்கிறேன்.

கறி தின்பவர்களுக்கு வேலை சுலபம். கறியில் இருக்கும் இரும்பு வேறு வகை, டீயும் தானியமும் அதை அவ்வளவு தடுக்காது. ஈரல் நல்லது. சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், அதைவிடப் பல மடங்கு. கிழடு தட்டிய சிவப்பணுக்களை உடைக்கும் இடமே மண்ணீரல்தான், இரும்பு அங்கே குவியாமல் வேறெங்கே குவியும்? கறிக்கடையில் காலையிலேயே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும், ஒரு ஆட்டுக்கு ஒன்றுதானே. மிளகு சீரகம் போட்டு வறுத்துச் சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர். கர்ப்பமாக இருப்பவர்கள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மேல் இருக்கும்.

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் வேறு மாதிரி தெரிந்து மிதந்தால், 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறியாதீர்கள். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக்கி நூற்றுக்கு ஒன்று கலந்தது அது. அதிகம் களையாமல், கஞ்சி வடிக்காமல் பொங்குவது நல்லது.

மாத்திரை பற்றி ரெண்டு வார்த்தை. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு புரட்டினால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். எண்ணிக்கை சரியாக வந்த பிறகும் சில மாதம் தொடரச் சொல்வார்கள், இருப்பு நிரம்ப வேண்டும். முக்கியமாக, டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்; மிட்டாய் என்று நினைத்து நாலைந்து விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. தலசீமியா (பிறவியிலேயே வரும் ஹீமோகுளோபின் கோளாறு) உள்ளவர்களும், இரும்பு உடம்பில் தேங்கும் நோய் உள்ளவர்களும் இதில் எதையுமே தானாகச் செய்யக் கூடாது, சட்டியைக்கூட.

கட்டிக்கு வைத்தியம் பார்த்து, மாத்திரை போட்டு, அஞ்சாம் மாதம் 11.8 வந்தது. அதில் சட்டியின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பெரும்பங்கு மாத்திரைக்குத்தான். அரிசிக் கிண்ணம் மட்டும் மூன்றாம் வாரமே காணாமல் போய்விட்டது.

சட்டியைக் கழுவினதும் அப்படியே கவிழ்த்து வைக்காதீர்கள், ஈரம் அடியில் தங்கும். அடுப்பில் ஒரு நிமிஷம் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பு விரிசல் விடும். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் துரு ஏறியிருக்கிறதா, புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவைத்து, மறுபடி நாலு பூச்சு. சட்டி பழையபடி ஆகிவிடும். விரிசல் விட்ட வார்ப்பை மட்டும் வெல்டிங் வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், பக்கத்திலேயே மறுபடி விரியும். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது அதற்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். இப்போது கிலோவுக்குக் காசு.